அப்பத்தா சொத்துல ஒரு பங்கு

இந்தாருத்தா, இப்படித் திண்ணையில வந்து உக்காரு. அந்த ஸ்கேன் கவரை எதுக்குடி துப்பட்டாவுக்குள்ள ஒளிச்சுக்கிட்டுத் திரியுற? காதல் கடுதாசியா அது? காதல் கடுதாசியாவே இருந்தாலும் இந்த வீட்டுல மொதல்ல படிக்கிறவ நான்தான்.

ஒங்கம்மா அடுப்படியில மூக்கைச் சிந்துன சிந்துல, பங்காளி வீட்டுல எதும் கேதம் விழுந்துருச்சோன்னு சேலையை மாத்தக் கெளம்பிட்டேன். கடைசியில பாத்தா நீர்க்கட்டியாம். பி.சி.ஓ.எஸ்ஸாம். சரி, மாத்திரை என்ன எழுதியிருக்காகன்னு வாங்கிப் பாத்தேன். மெட்ஃபார்மின். சிரிப்பு வந்துருச்சு எனக்கு. அலமாரியத் தொறந்து மேல் தட்டைப் பாரு. மக்களைத் தேடி மருத்துவத்துல வர்ற பொண்ணு மாசாமாசம் எங்கையில குடுத்துட்டுப் போறதும் அதே மாத்திரைதான். ஒந் தாத்தா வச்சுட்டுப் போன கரிசக்காட்டை ஒன் சித்தப்பனும் பெரியப்பனும் வரப்பு வரப்பாப் பிரிச்சுக்கிட்டானுக. இந்தச் சொத்து மட்டும் யாருக்கும் தெரியாம நேராப் பேத்திகிட்ட வந்து சேந்துருச்சு. பத்திரச் செலவுகூடக் கெடையாது.

வெளையாட்டுக்குச் சொல்லலடி. சர்க்கரைக்காரக் குடும்பத்துல இது வர்றதுக்குத் தோது கூட. ஒனக்கும் எனக்கும் கோளாறு ஆரம்பிக்கிற எடம் ஒண்ணுதான். தின்ன சோறு சர்க்கரையா ரத்தத்துல எறங்குது. அதை ஒடம்புக்குள்ள ஏத்துற வேலை இன்சுலினுக்கு. ஒடம்பு அது பேச்சைக் காதுல வாங்க மாட்டேங்குது. கணையம் விடுமா? இன்னும் இன்னும்னு சுரந்து தள்ளுது. எனக்கு அது சுரந்து சுரந்து சலிச்சுப்போயி சர்க்கரை ஏறிருச்சு. நீ எளசு, ஒனக்கு இன்னும் சலிக்கல. ஆனா மிஞ்சிப்போன இன்சுலின் சும்மா கெடக்காது. முட்டைப்பையைப் போயிச் சீண்டும். அது ஆம்பளைச் சுரப்பைக் கூடுதலாச் சுரக்கும். எல்லாப் பொம்பளைக்கும் அந்தச் சுரப்பு கொஞ்சம் உண்டு, ஒங்கம்மாவுக்கும் உண்டு, கோவம் வர்றப்ப பாத்திருப்ப. அளவு கூடிப்போச்சுன்னாதான் நாடியில முடி, மூஞ்சியில பரு, உச்சந்தலையில சொட்டை. மாசம் ஒரு முட்டை முழுசா வளந்து வெளிய வரணும், அது பாதியிலயே நின்னுரும். அப்படி நின்னதுகதான் ஸ்கேன்ல முத்து முத்தாத் தெரியுது. அதைத்தான் கட்டி, கட்டின்னு ஊரே கூவுது. கட்டியும் இல்ல, ஒரு எழவும் இல்ல. கரைச்சுத் தர்றேன்னு எவனாச்சும் வந்தான்னா, கரைக்கிறதுக்கு அங்க என்னய்யா புளியா இருக்குன்னு கேளு.

இந்தக் கெழவிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காத. சுகாதார நிலையத்துல ஆயா வேலை பாத்தவடி நான். கை கூட்டிப் பெருக்கும், காது டாக்டரம்மா மேசையிலயே கெடக்கும். வேலையை விட்டு வரும்போது வெளக்குமாத்தைத் திருப்பி வாங்கிக்கிட்டாக, காதைக் கேக்கல.

ஸ்கேன்ல முத்து தெரிஞ்ச ஒடனே இதுதான்னு முடிவு கட்டிறவும் கூடாது. 2003ல ரோட்டர்டாம்ல டாக்டருக கூடி ஒரு கணக்கு வச்சாக. மாசம் ஒழுங்கா வராம இருக்கணும், ஆம்பளைச் சுரப்பு கூடியிருக்கணும், ஸ்கேன்ல தெரியணும். மூணுல ரெண்டு இருந்தா இது. அதுவும் தைராய்டு, புரோலாக்டின் கோளாறு இல்லைன்னு ரத்தத்துல பாத்த பெறகு. ஒன் சித்தி இருக்காளே, மக வயசுக்கு வந்து ரெண்டு வருசம் ஆகல, அதுக்குள்ள ஸ்கேன் எடுக்க இழுத்துக்கிட்டுப் போறா. வயசுக்கு வந்து எட்டு வருசம் ஆகுற வரைக்கும் ஸ்கேனை வச்சு இதைச் சொல்லாதீகன்னு 2023ல வந்த உலக வழிகாட்டியில எழுதியிருக்கு. அந்த வயசுல நல்லா இருக்குற பிள்ளைக நெறையப் பேருக்கும் அப்படித்தான் முத்து முத்தாத் தெரியுமாம். அவகிட்ட இதை நான் சொன்னா கெழவிக்கு வாய் நீளம்பா. நீ சொல்லு, நீ இங்கிலீசுல சொல்லு.

நேத்தே சேதி தெருமுனை தாண்டியாச்சு. காலையில வந்த மேலவீட்டுக்காரி, எல்லாம் பிராய்லர் கோழி பண்ற வேலைன்னா. சொல்லும்போதே கையில பிராய்லர் கோழிக் கொழம்புக் கிண்ணம். அந்தக் காலத்துல இந்த நோவெல்லாம் ஏதுன்னு வேற கேட்டா. 1935லயே சிகாகோவுல ஸ்டெயின், லெவன்தால்னு ரெண்டு டாக்டருக, ஏழு பொம்பளைகளைப் பாத்து எழுதி வச்சுட்டாக. அப்ப பிராய்லரும் இந்த ஊருக்கு வரல, நானும் வரல.

எங்க சின்னத்தா ஒருத்தி இருந்தா. நாடியில முடி முளைக்கும். விடியுறதுக்கு முன்னாடி கெணத்தடியில கண்ணாடிச் சில்லை வச்சுக்கிட்டு, சாம்பலைத் தொட்டுத் தொட்டுப் பிடுங்குவா. அப்புறம் கஸ்தூரி மஞ்சளைப் பூசிக்கிட்டு ஒண்ணும் நடக்காத மாதிரி வருவா. வருசத்துல ரெண்டு மூணு தடவைதான் தலைக்கு ஊத்துவா. பிள்ளை இல்ல. மலடின்னாக, அவ புருசனுக்கு அவ கையாலயே ஆரத்தி எடுக்க வச்சு ரெண்டாம் தாரம் கட்டுனாக. அவளுக்கு இதுதான் இருந்துச்சுன்னு நான் சாதிக்க வரல, பாத்து எழுத டாக்டர் யாரு இருந்தா? ஆனா பத்துப் பொம்பளைக்கு ஒருத்திங்குறாக இப்ப. அதுல பாதிக்கு மேல தனக்கு இருக்குன்னே தெரியாம இருக்காளுக. அந்தக் காலத்துல மட்டும் ஒருத்திக்குமே இல்லாமப் போயிருக்குமா? பேருதான் அப்ப இல்ல. அதுக்குப் பதிலா வசவு இருந்துச்சு.

அடுத்து வந்தவ கழற்சிக்காய்ப் பொடி, மலைவேம்புச் சாறு, போன்ல பாத்து வரவழைச்ச டப்பான்னு அடுக்குனா. இங்கிலீசு மாத்திரை வேண்டாம், எல்லாம் கெமிக்கலுங்குறா. அந்த மெட்ஃபார்மினுக்கே பூர்வீகம் ஒரு செடிதான்டி. கலேகான்னு ஐரோப்பாவுல முளைக்கிற செடி. அதுல கெடைச்ச சரக்கோட வழியில வந்த மாத்திரையை 1957ல பிரான்சு டாக்டர் ஒருத்தர் சர்க்கரைக்குக் குடுக்க ஆரம்பிச்சாரு. செடியில வந்தாத்தான் மருந்துன்னா இதையும் சேத்துக்கச் சொல்லு. சித்த மருந்துதான் வேணும்னா கவருமெண்டு ஆசுபத்திரியிலயே சித்த டாக்டர் இருக்காக, போயிக் கேளு. ரெண்டு பக்கமும் ஒளிக்காமச் சொல்லு. பேரு ஒட்டாத டப்பாவை மட்டும் வாயில கொட்டாத. மெட்ஃபார்மினைச் சோத்தோட போடு. மொதல்ல வயித்தைக் கலக்கும், பேதியாகும். ரெண்டு வாரம் பொறு. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, ஒங்கம்மா வச்ச கொழம்பு மேல பழியைப் போட்டுக்கிட்டேன்.

ஒன் அத்தைக்காரி சொன்னதுதான் உச்சம். ஒரு கல்யாணத்தை முடிச்சா எல்லாம் சரியாயிருமாம். கல்யாணத்துல சரியாகுற நோவுன்னா இந்தத் தெருவுல ஒருத்திக்கும் ஒரு நோவும் இருக்கக்கூடாதே. தாலி கட்டுன மறுநாளு கணையத்துக்கு யாரு போயித் தாக்கல் சொல்றது? பிள்ளை பொறந்தா போயிரும்னும் சொல்லுவாளுக, அதுவும் பொய். பிள்ளையே பொறக்காதுன்னு இன்னொருத்தி சொல்லுவா, அதுவும் பொய். பெரும்பாலானவளுகளுக்குப் பொறக்கும். தானா நிக்கலைன்னா முட்டை வளர லெட்ரோசோல்னு மாத்திரை இருக்கு, டாக்டரம்மா பாத்துக் குடுப்பாக. இன்னொண்ணும் காதைக் கிட்டக் கொண்டா. மாசம் தப்பித் தப்பி வர்றவளுக்கு ஒண்ணும் தங்காதுன்னு ஒரு நெனப்பு இருக்கு. முட்டை எந்த மாசம் வரும்னு சொல்லிட்டு வராதுடி. அவ்வளவுதான் சொல்லுவேன், நீ படிச்சவ.

ஆமா, டாக்டரம்மா இன்னொரு அட்டையும் எழுதிக் குடுத்தாகளே, அதைத் தேடுனியா? அரிசி டிரம்முக்குள்ள கெடக்கு. ஒங்கம்மா வேலை. மெடிக்கல் கடைக்காரப் பையன் இது கருத்தடை மாத்திரையாச்சேன்னு வாயை விட்டுட்டான். கல்யாணம் ஆகாத பிள்ளைக்குக் கருத்தடை மாத்திரையான்னு இவளுக்கு மயக்கமே வந்துருச்சு. நர்சம்மா கூட மாலா-என் அட்டையத் தூக்கிக்கிட்டு வீடு வீடா அலைஞ்சவ நான் சொல்றேன், அந்த மாத்திரைக்குக் கழுத்துல தாலி கெடக்கான்னு பாக்கத் தெரியாது. மாசத்தை ஒழுங்குபடுத்தும், முகத்து முடியையும் பருவையும் அடக்கும். மாசம் வரலைன்னா லீவு மிச்சம்னு நீ சந்தோசப்பட்டுக்கிட்டு இருந்தியாமே? உள்ள கருப்பைத் தோலு உதுராம வளந்துக்கிட்டே இருக்கும். வருசக்கணக்கா அப்படியே விட்டா பின்னால அந்த எடத்துல கேன்சர் வர்ற ஆபத்து கூடும். மூணு மாசம் வரலைன்னா பேசாமக் கெளம்பி டாக்டரம்மாவைப் பாரு. கண்ணுல பூச்சி பறந்து வர்ற ஒத்தைத் தலைவலி, ரத்தக் கொதிப்பு, வீட்டுல யாருக்காச்சும் ரத்தம் உறைஞ்ச கதை, இதுல எது இருந்தாலும் அந்த அட்டையைத் தொடுறதுக்கு முன்னாடி சொல்லிரணும்.

எப்ப அப்பத்தா இது போகும்னுதான கேக்க வர்ற? போகாது. அடங்கி இருக்கும். ஒங்கம்மா இந்த வீட்டுக்கு வந்தப்ப என்னைய எப்படி வச்சு மேய்ச்சா தெரியுமா? வெரட்ட முடியாதுன்னு மொத வாரமே தெரிஞ்சுக்கிட்டா. சண்டை போட்டு ஜெயிக்க முடியாதுன்னும் தெரிஞ்சுக்கிட்டா. நேரத்துக்குக் காப்பியை வச்சா, எனக்கு ஆகாததை என் கண்ணுல காட்டல, தெரு வழக்குல என் பக்கம் நின்னு ரெண்டு வார்த்தை பேசுனா. ஒரு நாளு கவனிச்சுட்டு மறுநாளு மறந்தவ இல்ல. நான் கத்துன கத்து வாசப்படியைத் தாண்டல. இந்த நோவும் ஒரு மாமியாதான், அப்படித்தான் வச்சு மேய்க்கணும். ஏன்டி அடுப்படியில சத்தத்தையே காணோம்? கேட்டுக்கிட்டு இருக்கா, கேக்கட்டும்.

மேய்க்கிறதுன்னா சோத்துல இருந்து ஆரம்பி. நேத்துப் பாத்தேன், தட்டு நெறைய இட்லி, ஓரத்துல ஒரு சொட்டு சாம்பாரு. மத்தியானம் குத்துச்சட்டியாச் சோறு, கொசுறா ரெண்டு பீன்ஸு. அதைத் திருப்பிப் போடு. காயும் பயறும் முட்டையும் மீனும் கூட, சோறு கொறைய. சோத்தையே விட்டுட்டுப் பட்டினி கெடக்காத. இதுக்குன்னு தனியா ஒரு மந்திரச் சாப்பாடு கெடையாதுன்னு பெரிய டாக்டருகளே சொல்லிட்டாக. கம்பங்கூழுன்னா நல்லதுன்னு குண்டான் குண்டானாக் குடிக்கிறதும், வெள்ளைச் சர்க்கரையைக் கொட்டிட்டுக் கருப்பட்டிய அள்ளிப் போடுறதும் கெட்டிக்காரத்தனம் இல்ல. ரத்தத்துக்குள்ள போயிட்டா கருப்பட்டிக்கு ஊர் மரியாதை கெடையாது.

நடை. போனை நோண்டிக்கிட்டு மொட்டை மாடியில ஊருறது நடை இல்ல. மூச்சு வாங்கணும், பேச முடியணும், பாட முடியக்கூடாது. வாரத்துக்கு 150 நிமிசமாச்சும். வாரம் ரெண்டு நாளு பளுவும் தூக்கு. கொடத்தைத் தூக்கச் சொன்னா இடுப்பு வலிங்குற, காசு கட்டி இரும்பைத் தூக்குவியாம். தூக்கு, நல்லதுதான். நீ 70 கிலோ இருந்தா மூன்றரையில இருந்து ஏழு கிலோ கொறைஞ்சாலே பல பேருக்கு மாசம் தானா ஒழுங்குக்கு வருது. அதுக்காகக் குண்டா இருக்கப்போயித்தான் வந்துச்சுன்னு எவ சொன்னாலும் நம்பாத. வாத்தியார் மக ஒல்லிக்குச்சி, அவளுக்கும் இதுதான்.

கழுத்துக் கறுப்பைப் பீர்க்கங்கூட்டைப் போட்டுத் தேய்க்கிறதை இன்னையோட நிறுத்து. அது அழுக்கு இல்ல, இன்சுலின் பாத்த வேலை. தோலு புண்ணாகுமே ஒழிய வெளுக்காது. நாடி முடியை வேணும்னா மழி, மழிச்சா அடர்த்தியா வளரும்ங்குறது கட்டுக்கதை. மாத்திரையில கொறைய ஆறு மாசமாச்சும் ஆகும். லேசர் வைக்கிறதும் ஒன் இஷ்டம், ஒங் காசு.

ராத்திரியில நீ தனியா அழுகுறதும் எனக்குத் தெரியும். கெழவிக்குத் தூக்கம் ஏது? இந்த நோவுக்காரிகளுக்கு மனச்சோர்வும் படபடப்பும் மத்தவளுகளை விடக் கூட வரும். அதையும் டாக்டரம்மாகிட்டச் சொல்லு, அதுக்கும் வைத்தியம் இருக்கு. கொறட்டை விடுறியாமே, அதையும் சொல்லு. கூச்சப்படாத, ஒந் தாத்தா விட்ட கொறட்டையில இந்த ஓடே ஆடும்.

நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட கெளம்பு. சர்க்கரைத் தண்ணி குடிக்க வச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பாக்குற சோதனையை எடுக்கச் சொல்லியிருக்காக, ரத்தக் கொதிப்பும் கொழுப்பும் கூடவே பாப்பாக. ஒங்கம்மாவையும் இழுத்துக்கிட்டுப் போ. இது தாய் வழியிலயும் ஓடும். ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்ற இவ, இன்னைய வரைக்கும் ஒரு தடவைகூடச் சர்க்கரை பாத்ததில்ல.