தியாபிக்கு என்ன விலை?

ஆர்சனல் கால்பந்து அணியின் ரசிகரிடம் அதன் பழைய நடுக்கள ஆட்டக்காரர் அபு தியாபி பற்றிக் கேளுங்கள்: முதலில் ஒரு பெருமூச்சு வரும், பிறகு ஆன்ஃபீல்ட் வரும். 2012 செப்டம்பரில் லிவர்பூலை அதன் சொந்த மைதானத்திலேயே 2-0 என்று சாய்த்த ஆட்டம் அது. நடுக்களத்தை அன்று அவர் பெயருக்குப் பட்டா போட்டுக் கொடுத்திருந்தார்கள் போலும். அதே மாதக் கடைசியில் செல்சீயுடன் ஆட்டம். இருபது நிமிடம்கூடத் தாங்கவில்லை, தொடை மக்கர்.

ஆர்சனலுக்கு அவர் வந்தது 2006 ஜனவரியில். மே மாதமே சண்டர்லாந்தில் கணுக்கால் முறிந்தது. அதன்பின் உடம்பு பாகம் பாகமாக விடுப்புக் கேட்க ஆரம்பித்தது. 2013-14இல் லீக்கில் ஒரே ஆட்டம், அதுவும் கடைசி நாளில், மாற்று ஆளாக. சம்பளத்துக்கு மட்டும் ஒரு சுளுக்கும் இல்லை.

இவருக்கு விலை போடுவது எப்படி? ஆடிய ஆட்டங்களை எண்ணினால் நஷ்டம். ஆடாத ஆட்டங்களில்தான் அவர் தோற்றதே இல்லையே! அணி உதை வாங்கும்போதெல்லாம் ‘தியாபி இருந்திருந்தால்...’ என்று மதிப்பு ஏறும். வீட்டில் கால் நீட்டிப் படுத்திருந்தால் போதும்.

2015இல் ஒப்பந்தம் முடிந்து, இலவசமாக மார்செய் கிளப்புக்குப் போனார். அங்கேயும் யாரோ ஆன்ஃபீல்ட் வீடியோவைப் பார்த்திருக்க வேண்டும்.