புலிக்குச் சொல்லியாச்சா?

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் எங்கள் மாமா முதுமலை ஜீப் சஃபாரிக்குத் திட்டம் போட ஆரம்பித்து இரண்டு மாதமாகிறது. ஐந்தாண்டுத் திட்டத்துக்குக்கூட இத்தனை கூட்டம் நடந்திருக்காது.

விடுதிக்காரரிடம் போனில் ஊர்ப்பெயரைச் சொன்னதும் எதிர்முனையில் ஒரு நொடி மௌனம். 2024 ஜூன் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு அது எங்களுக்குப் பழகிவிட்டது. பிறகு அவரே, "புலி கட்டாயம் உண்டு சார்" என்றார், பொங்கலுக்கு வடை உண்டு என்கிற தொனியில்.

மசினகுடி தனியார் ஜீப்புகள் சுற்றுவதெல்லாம் பெரும்பாலும் காட்டோரப் பாதைகள். உள்ளே போக தெப்பக்காட்டில் வனத்துறை வண்டியில்தான் ஏற வேண்டும் என்று விளக்கினேன். 1940-இல் சரணாலயம், 2007-இல் புலிகள் காப்பகம் என்று வரலாறும் சேர்த்தேன். அத்தை கேட்டது ஒன்றுதான்: "ஜன்னல் சீட்டு கிடைக்குமா?"

ஊட்டி வழி போனால் இ-பாஸ் வேண்டும். மாமா ஆதாரையும் ஆர்.சி. புத்தகத்தையும் மூன்று செட் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறார். ஒரு செட் புலிக்காக இருக்கலாம். முதுமலையில் கண்டிப்பாகத் தரிசனம் தருவது புள்ளிமான்தான். அதைப் படமெடுத்துப் படமெடுத்து போன் சூடாகும்.

"கொல்லைப்பக்கமே கல்வராயன் மலை இருக்கே மாமா? மரவள்ளி மூட்டை, கடுக்காய், ஆள், ஆடு எல்லாம் ஒரே ஜீப்புல ஏறிப் போகுதே."

"டேய், அது சஃபாரி இல்லடா. பஸ் வரலைன்னு போறது."