பாலியுரித்தேன்: ஒரு வலது முழங்கை ஆய்வு

1.0 ஆய்வுச் சுருக்கம்

கிள்ளானில், வரிசை வீடு ஒன்றின் கூடத்தில், கண்ணாடி அலமாரியின் இரண்டாம் தட்டில் நிற்கும் பொம்மை ஒன்றின் வலது முழங்கையே இவ்வாய்வின் பொருள். பொம்மை என்னுடையது. முப்பது சென்டிமீட்டர் உயரம், கறுப்புக் கண்ணாடி, கறுப்புத் தோல் ஜாக்கெட், யாரையும் மதிக்காத முகம். ஒருநாள் முழங்கை மடிப்பில் மயிரிழை போல ஒரு வெடிப்பு தெரிந்தது. அடுத்த வாரம் வெடிப்பின் இரு கரைகளும் சுருண்டு எழுந்தன. தொட்டுப் பார்த்தேன், தீய்ந்த தோசையின் ஓரம் போல ஒரு செதில் விரலோடு வந்தது. உள்ளே வெள்ளைத் துணி. இடது முழங்கைக்கும் இதே கதிதான். அதையும் சேர்த்தால் கட்டுரை முனைவர் பட்ட அளவுக்கு நீண்டுவிடும் என்பதால், வருங்கால ஆய்வாளர்களின் பிழைப்புக்காக விட்டுவைக்கிறேன்.

1.1 ஆய்வின் தேவை

இல்லை.

2.0 கலைச்சொல் விளக்கம்

1964இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ.ஜோ என்ற பட்டாளத்து வீரனைக் கடைக்குக் கொண்டுவந்தது. பையன்கள் பொம்மை வைத்து விளையாடுவார்களா என்ற பயத்தில் ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்று பெயர் சூட்டியது. அந்தப் பெயர் மட்டும் பிறந்திராவிட்டால், நான் நாற்பத்தாறு வயதில் பொம்மை வைத்து விளையாடுகிறேன் என்று ஆகியிருக்கும். இதற்குத் தமிழில் ‘வினைப்பாவை’, ‘செயலுரு’, ‘இயங்குபடிமம்’ என்று மூன்று கலைச்சொற்களை ஒரே மாலையில் ஆக்கினேன். இரவுக்குள் எனக்குள்ளேயே மூன்று அணிகள் உருவாகி, ஒன்றோடொன்று பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டன. கிள்ளானில் சேகரிப்பவர்கள் எல்லோரும் ‘ஃபிகர்’ என்கிறார்கள். ‘ஃபிகர் பார்க்கப் போகிறேன்’ என்று வீட்டில் ஒருமுறை சொல்லிவிட்டேன். அன்று முதல் இக்கட்டுரையிலும் வீட்டிலும் ‘பொம்மை’ என்ற சொல்லே ஆளப்படுகிறது.

3.0 முன்னோர் ஆய்வுகள்

1966இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நம் கோலாலம்பூரில்தான் நடந்தது; தனிநாயகம் அடிகளின் உழைப்பு அது. அங்கே கட்டுரை படித்தவர்கள் மெய்யாகவே ஆய்வு செய்துவிட்டு வந்தவர்கள் என்பதால், இக்கட்டுரைக்கு அவர்களால் பயன் எதுவும் இல்லை. இத்துறையின் முன்னோடிகள் இருவர்: என் அம்மா (அடுப்படி, நேரில்), என் பெரியத்தை (‘வாங்கும்போதே சொன்னேன்’, திருத்திய பல பதிப்புகள்).

4.0 தோல்: வகையும் தொகையும்

4.1 மெய்த்தோல். மாட்டுக்கு உரியது. மேலும் குறிப்பு இல்லை.

4.2 பி.வி.சி. தோல். நெகிழ்வுக்காகச் சேர்த்த எண்ணெய்த்தன்மையுள்ள பொருள் நாளடைவில் மேலே கசியும். பிசுபிசுக்கும். உரிவதைவிட ஒட்டுவதில் நாட்டம் மிக்கது. சில உறவினர்களை ஒப்பிடுக.

4.3 துணிக் கோட்டு. 2016இல் வந்த ‘கபாலி’யில் ரஜினிகாந்த் நம் ஊரில் கோட்டு சூட்டோடுதான் நடந்தார். துணி உரியாது. ஆகவே கபாலி இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவர்.

4.4 பாலியுரித்தேன் தோல். இங்கே சற்று நிற்போம்.

4.4.1 சொற்பிறப்பு. இப்பொருளை 1937இல் ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் ஓட்டோ பேயர் குழுவினர் கண்டுபிடித்தார்கள் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. பெயரைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்: பாலி-உரித்தேன். ‘உரித்தேன்’ என்பது தன்மை ஒருமை இறந்தகால வினைமுற்று. வினை இருக்கிறது, எழுவாய் தோன்றா எழுவாயாக இருக்கிறது, எதை உரித்தேன் என்ற செயப்படுபொருளாக ‘பாலி’ முன்னே நிற்கிறது. ‘பாலி’ என்பது ‘போலி’யின் திரிபு, ஓகாரம் ஜெர்மனியின் குளிரில் வாய் திறக்க முடியாமல் ஆகாரமாயிற்று. (குளிரில் வாய் அகலத் திறக்காதே என்று கேட்கும் மாணவர்களுக்கு உள்மதிப்பீட்டில் மதிப்பெண் குறைக்கப்படும்.) ஆக, ‘போலியை உரித்தேன்’ என்று ஒரு தமிழன் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமே பாலியுரித்தேன். அவன் ஜெர்மனிக்கு எப்படிப் போனான் என்பது கப்பல் துறையினர் விடை காணவேண்டியது.

இதை மறுத்து ‘பாலியூரித்தேன்’ என்று நெடிலாக எழுதுவோரும் உளர். நெடிலார் பிரிவுக்கும் குறிலார் பிரிவுக்கும் இடையிலான கசப்பு, பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில் ரொட்டி சானாயைப் பிய்ப்பதற்குள் பிரிந்துபோன அளவுக்கு முற்றியது (மூலை மேசை, தே தாரிக் இரண்டாம் குவளை, நுரைக்குக் கீழே இரண்டு விரற்கடை). ‘பால், உரி, தேன்’ என்று பிரித்து இது ஒரு பலகாரம் என்று வாதிட்ட மூன்றாமவருக்கு நாங்கள் இருவரும் பணம் கட்ட மறுத்தோம்.

4.4.2 இலக்கணச் சான்று. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் உரியியல் என்று ஓர் இயலே இருக்கிறது. அது உரிச்சொற்களைப் பற்றியது என்று உரையாசிரியர்கள் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அது உரிதலைப் பற்றியதாக ஏன் இருக்கக்கூடாது? இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர், தெய்வச்சிலையார் என்று அறிஞர் பெருமக்கள் பலர் உரை வரைந்தும் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. காரணம் வெளிப்படை, ஒருவரிடமும் பொம்மை இல்லை. சொற்களை முன்பின்னாகக் கொண்டுகூட்டிப் பொருள் காண்பதில் சலிக்காத நச்சினார்க்கினியரிடம் மட்டும் இந்த ஜாக்கெட் கிடைத்திருந்தால், கையைக் கழுத்திலும் கழுத்தைக் கையிலும் கூட்டி, உரியவே இல்லை என்று நிறுவியிருப்பார்.

4.4.3 விலங்கியல் சான்று. நாம் போடுவதும் சட்டை. பாம்பு கழற்றுவதும் சட்டை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்த மொழி நம்முடையது. மேலே போடும் உடுப்பு ஒருநாள் தானே உரியும் என்று தெரியாமலா வைத்திருப்பார்கள்? முன்னோர் முட்டாள்களா என்று இவ்விடத்தில் மேசையைத் தட்டிக் கேட்பது ஆய்வு மரபு. தட்டினேன். மேல் தட்டிலிருந்த குதிரைவீரன் விழுந்தான்.

4.4.4 மாற்றுக் கருத்து: வேதியியல். இதையும் சொல்லாவிட்டால் ஆய்வு ஒருதலைப்பட்சமானது என்பார்கள். ஜாக்கெட் என்பது துணி மேல் பூசிய மெல்லிய பாலியுரித்தேன் படலம். மலிவான வகைகளில் அந்தப் படலத்தின் நீண்ட சங்கிலிகளை எஸ்டர் பிணைப்புகள் கோத்து வைத்திருக்கின்றன. காற்றிலுள்ள நீர் நுழைந்து பிணைப்பை வெட்டுகிறது. வெட்டிய இடத்தில் அமிலம் பிறக்கிறது. அந்த அமிலம் அடுத்த வெட்டை விரைவாக்குகிறது. சொத்துத் தகராறில் ஒருவர் பிரிந்து போய் மற்றவர்களையும் பிரித்துவிடுவது போல. ஈதர் வகைப் பாலியுரித்தேன் தண்ணீருக்கு அசையாது, வெயிலுக்கும் ஆக்சிஜனுக்கும் தளரும். கிள்ளானில் விடியற்காலை ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது செய்தியே அல்ல. பொம்மை விரும்புவதோ அதில் பாதி. கல்யாண மண்டபத்தில், பெட்டியிலேயே பத்திரமாக இருந்த சித்தப்பாவின் காலணி, நாலடி நடந்ததும் அடிப்பாகம் கறுப்புப் புட்டாக உதிர்ந்து, மணமேடை வரை அவர் வந்த வழியைக் காட்டியதே, அதுவும் இதே வினைதான்.

இவ்விளக்கம் எளிமையாகவும் சரியாகவும் இருப்பதால் ஆய்வுலகில் எடுபடாது.

4.4.5 இருதோல் கோட்பாடு. நம் வீரன் 1991இல் வந்த இரண்டாம் டெர்மினேட்டர் படத்துக்காரன். கதைப்படி அவன் இரும்பு எலும்புக்கூடு. மேலே வளர்த்த தசையும் தோலும். படத்திலேயே தன் கைத்தோலைத் தானே அறுத்து உரித்துக் காட்டுவான். அதற்கும் மேலே ஜாக்கெட். ஆக, உரியும் தோல் போர்த்திய இயந்திரத்தின் பொம்மைக்கு உரியும் தோலில் உடுப்பு. அவன் உரிவது பழுதா, நடிப்பா? உற்பத்தியாளரிடம் கேட்கலாம் என்றால், பெட்டியை இழந்தவர்களுக்கு எந்த உற்பத்தியாளரும் பதில் சொல்வதில்லை.

5.0 பராமரிப்பு

5.1 தேங்காய் எண்ணெய் தடவுதல். பெரியத்தையின் முறை. தலைமுடிக்கு நல்லது தலைவனுக்கும் நல்லது என்பது அவர் வாதம். மறுநாள் காலை எறும்புகள் வரிசையாக வந்து ஆய்வில் கலந்துகொண்டன.

5.2 அந்துருண்டை. சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கும். வேண்டாம்.

5.3 கையை நீட்டி வைத்தல். மடித்த இடத்தில்தான் முதலில் வெடிக்கும். வாங்கிய நாளிலிருந்து என் வீரன் துப்பாக்கியை நீட்டிக் கைமடக்கி நின்றான். வெறுமனே கையைத் தொங்கவிட்டு, பேருந்துக்குக் காத்திருப்பவன் போல நின்றிருந்தால் இக்கட்டுரை தப்பியிருக்கும்.

5.4 பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கட்டுதல். ஈரமும் அமில ஆவியும் உள்ளேயே குடித்தனம் நடத்தும். பாசத்தால் நேரும் கேடு.

5.5 சிலிக்கா ஜெல். பிஸ்கட் டின்னில் கிடக்கும் சிறு பொட்டலம். நிறம் மாறும் வகையில் ஆரஞ்சு பச்சையானால் ஈரம் குடித்து நிரம்பிவிட்டது என்று பொருள். கிள்ளானில் அது பச்சையாவதை உட்கார்ந்து பார்க்கலாம். படம் பிடிப்பவர்கள் கேமராவுக்கு வைத்திருக்கும் உலர்பெட்டி மேலானது. பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் வாரயிறுதிச் சந்தையில் பழைய பொம்மைகளைப் புரட்டும் எவரிடமும் கேட்டால், பெட்டியின் விலையை மட்டும் தாழ்ந்த குரலில் சொல்வார்கள்.

5.6 ஏர்கோன். இரவெல்லாம் போட்டுக் காலையில் அணைத்தால் ஈரம் ஏறி இறங்கிப் படலத்தை இன்னும் வாட்டும். போட்டால் போட்டபடியே இருக்கவேண்டும். இதை நான் முன்மொழிந்தபோது எழுந்த எதிர்ப்பு: ‘எனக்குக் காத்தாடி, ஒங்க பொம்மைக்கு ஏர்கோனா?’ (மனைவி, ‘மின்கட்டணப் பேருரைகள்’, கூடத்துப் பதிப்பு. இதே ஆசிரியரின் ‘சந்தா கட்டிய உடற்பயிற்சிக்கூடம்’, ‘வாங்கி வைத்த கித்தார்’, இன்னும் முற்றுப்பெறாத ‘ஒங்கம்மா சொன்னாங்கன்னு நான் ஒத்துக்கிட்டேன்’ ஆகியவற்றையும் ஒப்பிடுக. கடைசி நூலில் பொருளடக்கம் இல்லை. எங்கே திறந்தாலும் அதே அத்தியாயம்.)

6.0 காட்சிப்படுத்தல்

பொம்மையைப் படிவைத்துக் காட்டுவதற்குத் தமிழன் ஹாங்காங்கிடமோ அமெரிக்காவிடமோ பாடம் கேட்கவேண்டியதில்லை. நமக்குக் கொலு இருக்கிறது. படிகள் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படையில் அமையவேண்டும். (பத்துமலைப் படிகள் 272, இரட்டைப்படை. இதை ஒருவரும் கேள்வி கேட்காதது என் அடுத்த மாநாட்டுக் கட்டுரைக்கு ஆகும்.) கீழ்ப்படியில் ஓரறிவு உயிர்கள், மேலே போகப்போக அறிவு கூடி, மனிதர், முனிவர், தெய்வம். உயிர்களை அறிவால் அடுக்குவது தொல்காப்பிய மரபியலிலேயே உண்டு. டெர்மினேட்டர் எந்தப் படி? அவனுக்கு அறிவு எத்தனை? அலமாரியில் நிற்கும் வீரனுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அவன் ஜாக்கெட், காற்றின் ஈரத்தைத் தொட்டு உணர்ந்து அதற்கேற்ப மாறுகிறது. தொடு உணர்வு மட்டும் கொண்டது ஓரறிவுயிர். ஆகவே ஜாக்கெட் புல்லோடும் மரத்தோடும் முதல் படியில் அமரவேண்டும், போட்டிருப்பவன் தரையில்.

இந்த முடிவோடு நவராத்திரிக்கு முந்தைய நாள் அம்மாவிடம் போனேன். அவர் மரப்பாச்சி இணைக்கு உடுப்பு தைத்துக்கொண்டிருந்தார். ஆண்டுதோறும் தைக்கிறார், போன ஆண்டுச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ரவிக்கைத் துணித் துண்டில் புதிதாக. பாட்டி காலத்து மரப்பாச்சி அப்படியே இருக்கிறது. சட்டைகள் எத்தனை போயின என்று கணக்கில்லை. நான் கோட்பாட்டைச் சொல்லி முடிக்கும்வரை அவர் வீரனின் முழங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பின்கட்டில் கம்பி உடைந்து கிடந்த கறுப்புக் குடையை எடுத்துவரச் சொன்னார். கத்தரிக்கோல் நாலு தடவை ஓடியது. பழைய ஜாக்கெட் பொரிபொரியாகச் செய்தித்தாளில் உதிர்ந்தது. புதியது அரைமணி நேரத்தில் வீரனின் தோளில் ஏறியது. மழைக்கென்றே நெய்த துணி. கிள்ளானின் ஈரம் அதை ஒன்றும் செய்யாது. அம்மா அவனைச் செட்டியார் பொம்மையின் மளிகைக் கடை வாசலில் நிறுத்தினார். மறுநாள் சுண்டல் வாங்க வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை கேட்டான்: ‘இவரு யாரு பாட்டி?’ ‘ஜாகா, கடைக் காவல்காரரு’ என்றார் அம்மா. படி பற்றிய சிக்கல் அத்துடன் தீர்ந்தது.

தோலுடையை உரியாமல் காட்டுவதற்கு இன்னொரு வழியும் நம்மிடம் இருந்திருக்கிறது. மயிலாடுதுறை பக்கம் வழுவூரில் யானையை உரித்துப் போர்த்த பெருமானின் சோழர் காலச் செப்புத் திருமேனி உண்டு. அந்த யானைத்தோலையும் ஸ்தபதி செம்பிலேயே வார்த்துவிட்டார். இன்றுவரை ஒரு செதில் விழவில்லை. வேலை தெரிந்தவர் கட்டுரை எழுதவில்லை.

7.0 முடிவுரை

ஆய்வு முடிந்தது என்று குறிப்புகளைப் பத்திரப்படுத்த அலமாரியின் அடித்தட்டைத் திறந்தேன். அங்கே, முன்னொரு சமயம் ஒரு தமிழ் மாநாட்டில் பேராளர்களுக்குக் கொடுத்த கைப்பை இருந்தது. ஊரும் ஆண்டும் வேண்டாம். ஒரே கட்டுரையை ஊர்ப்பெயர் மட்டும் மாற்றி மூன்றாம் முறையாக வாசித்தவருக்கு அன்று பொன்னாடையும் கிடைத்தது. எனக்குப் பையாவது கிடைத்தது. கறுப்புப் போலித்தோல், மேலே பொன்னெழுத்தில் பெரிதாக ‘மாநாடு’. கைபடாமல், பிளாஸ்டிக் உறையிலேயே காத்து வந்தேன், 5.4ஐ அப்போது நான் எழுதியிருக்கவில்லை.

உறையைப் பிரித்ததும் பை செதில்செதிலாக மடியில் கொட்டியது. ஊதினேன். பொன்னெழுத்துகளில் நடுவில் இருந்த ‘நா’ மட்டும் உரிந்து போயிருந்தது. மிச்சம் இருந்ததைப் படித்தேன்: மாடு.

மெய்த்தோல் பற்றிய பிரிவு 4.1ஐத் திரும்பக் காண்க.