ஃபைல் அந்தப் பக்கம் இருக்கு

என் மேசைக் கணினியில் விண்டோஸும் லினக்ஸ் குடும்பத்து உபுண்டுவும் பாதிப்பாதி குடியிருக்கின்றன. விண்டோஸில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு வேண்டிய கோப்பு உபுண்டுவில் இருக்கும். உபுண்டுவுக்குப் போனால் அந்தக் கோப்புக்கு வேண்டிய எழுத்துரு விண்டோஸில் இருக்கும். நடுவில் ஒரு ரீஸ்டார்ட். அது முடியட்டும் என்று காபி போட எழுந்து போவேன். எதைத் திறக்கட்டும் என்று கேட்கும் க்ரப் பட்டியல் பத்து விநாடி எனக்காகக் காத்திருந்துவிட்டு, ஆளைக் காணோம் என்று தானாகவே உபுண்டுவைத் திறந்துவிடும். நான் போக நினைத்தது விண்டோஸுக்கு. மறுபடி ரீஸ்டார்ட். காபி ஆறுகிறதே என்று குடிக்க ஆரம்பிப்பேன். அதற்குள் இன்னொரு பத்து விநாடி போயிருக்கும்.

இதற்கு வழி இருக்கிறது. கடைசியாக எதைத் தேர்ந்தெடுத்தோமோ அதையே அடுத்த முறையும் திறக்கும்படி க்ரப்பில் இரண்டு வரி மாற்றினால் போதும். மாற்றினேன். ஆனால் ரீஸ்டார்ட் கொடுக்கிறவன் எதற்குக் கொடுக்கிறான்? இருக்கிற இடத்தை விட்டுப் போகத்தானே. க்ரப் என்னைக் கிளம்பிய இடத்துக்கே பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தது.

எதற்கு இரண்டு? என் தொழில் புத்தக வடிவமைப்பு. இன்டிசைன் லினக்ஸில் ஓடாது. யூனிகோடு பரவலாவதற்கு முன்னால் பேஜ்மேக்கரில் செய்த பழைய புத்தகங்களும் அவற்றின் எழுத்துருக்களும் விண்டோஸை விட்டு நகராது. உபுண்டுவைத் தேட வைத்தது பென் டிரைவ். டிடிபி சென்டர்களைச் சுற்றிவிட்டு வரும் பென் டிரைவைச் செருகியதும் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாகி நிற்குமே, அந்த வைரஸிடம் மாட்டியவர்களுக்குத் தெரியும். லினக்ஸில் அதன் வித்தை பலிக்காது.

காரணம் இவ்வளவுதான். டீக்கடையில் சொன்ன காரணம் வேறு. 1991இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் பொழுதுபோக்காகத் தொடங்கியது இன்று உலகத்தின் சர்வர்களையே ஓட்டுகிறது, கட்டற்ற மென்பொருள்தான் எதிர்காலம் என்றெல்லாம் பேசுவேன். அப்போது கனானிக்கல் நிறுவனம் யார் கேட்டாலும் உபுண்டு சிடியை இலவசமாகத் தபாலில் அனுப்பும். 2011இல்தான் நிறுத்தினார்கள். எனக்கும் ஒன்று வந்தது. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அந்த உறையைக் காட்டினேன். உபுண்டு ஆறு மாதத்துக்கொரு பதிப்பு விடும். சிடியைக் கணினிக்குள் போடலாம் என்று நான் மனதைத் தேற்றுவதற்குள் அது பழைய பதிப்பாகிவிட்டது.

கடைசியில் நிறுவித் தந்தவன் அக்கா மகன். 2011இல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் முதலில் வந்தவற்றில் விண்டோஸோடு சிடாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் இருந்தது. நான் டீக்கடையில் புரட்சி பேசிக்கொண்டிருந்த வருஷங்களில், பன்னிரண்டாம் வகுப்புப் பையன் இரண்டிலும் சினிமா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

நிறுவிய பிறகு முதலில் கெட்டது கடிகாரம். மதர்போர்டில் ஒரு பொட்டு பேட்டரியின் தயவில் ஓடும் கடிகாரம் உண்டு. லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும். விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்றே எடுத்துக்கொள்ளும். உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். இது தெரியாமல் திரையின் மூலையை நம்பியே கொஞ்ச நாள் வாழ்ந்தேன்.

“என்னங்க, சாப்பிட வரலையா?”

“எட்டரைதான ஆகுது? அதுக்குள்ள என்ன சோறு?”

மணி இரண்டு. வீட்டில் இருந்தவள் பதில் சொல்லாமல் ஜன்னல் திரையை விலக்கி வெயிலைக் காட்டிவிட்டுப் போனாள்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள். லினக்ஸில் ஒரு கட்டளை கொடுத்து, நீயும் உள்ளூர் நேரத்தையே எழுது என்று சொல்லலாம். அல்லது விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்த்து, அங்கே இருப்பது உலக நேரம் என்று புரியவைக்கலாம். ஏதாவது ஒன்று போதும். நான் எதையும் அரைகுறையாகச் செய்யாதவன் என்பதால் இரண்டையும் செய்தேன். லினக்ஸ் உள்ளூர் நேரத்தை எழுத, விண்டோஸ் அதை உலக நேரமாக நினைத்து இன்னொரு ஐந்தரை மணியைக் கூட்டியது. காலை பதினொன்றுக்கு விண்டோஸ் மாலை நாலரை என்றது. இந்த முறை ஜன்னலைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்தும் கணினியை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விசைப்பலகையில் வேறு மாதிரிச் சேதம். விண்டோஸில் தமிழ்99க்கு மாற ஆல்ட்டையும் எண் ஒன்றையும் சேர்த்து அழுத்துவது என் விரலில் ஊறிய பழக்கம். உபுண்டுவில் மொழி மாற்ற வேறு விசைகள். அங்கே பிரவுசரில் ஆல்ட்டும் ஒன்றும் அழுத்தினால் முதல் டேபுக்குத் தூக்கிக்கொண்டு போகும். பதிப்பாளருக்கு மின்னஞ்சல் எழுத ஆரம்பித்துத் தமிழுக்கு மாறுகிறேன் என்று அழுத்துவேன். செய்தித் தளத்துக்குப் போய் நிற்பேன். வந்ததுதான் வந்தோம் என்று இரண்டு செய்தி படிப்பேன். மின்னஞ்சல் மறுநாள் போகும். ப்ளூடூத் மவுஸைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது ஒரு கணினிக்கு ஒரு சாவிதான் வைத்துக்கொள்ளும். இயங்குதளம் மாறினால் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டும். இரண்டு மாமியாருக்கு ஒரு மருமகளாக அது படும் பாட்டைப் பார்த்து, வால் வைத்த பழைய மவுஸுக்கே திரும்பிவிட்டேன்.

உண்மையிலேயே தலைகுனிந்தது ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரின் சிறுகதைத் தொகுப்பில். முந்தைய இரவு விண்டோஸை ஷட் டவுன் செய்துவிட்டுப் படுத்தேன். செய்ததாக நினைத்தேன். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. அது இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாது; பாதி நினைவை வட்டில் எழுதிவைத்துவிட்டுக் கண்ணயரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் ஒழுங்காக விடைபெறும். பாதித் தூக்கத்தில் இருக்கிறவர் சொத்தில் கைவைக்கக் கூடாது என்று உபுண்டு விண்டோஸின் டி டிரைவைப் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. மறுநாள் காலை உபுண்டுவில் அந்தத் தொகுப்பைத் திறந்து மதியம்வரை திருத்தினேன். சேமிக்கப் போனால் முடியாது என்றது. சரி, உபுண்டுவின் டெஸ்க்டாப்பிலேயே இருக்கட்டும் என்று அங்கே சேமித்தேன். மாலையில் விண்டோஸுக்கு வந்து, டி டிரைவில் இருந்த பழைய கோப்பை இன்டிசைனில் ஏற்றி, பிடிஎஃப் எடுத்து, “திருத்தங்கள் அனைத்தும் செய்யப்பட்டன” என்று ஒரு வரியும் எழுதி அனுப்பினேன்.

ஃபோன் வந்தது.

“தம்பி, நான் குறிச்சுக் குடுத்தது ஒண்ணுகூடப் போகலையே. மாமனார் இன்னும் ‘மாமானார்’ஆவே இருக்கார்.”

“போட்டுட்டேன் சார். அது அந்தப் பக்கம் இருக்கு.”

“எந்தப் பக்கம்? நூத்தி முப்பத்திரண்டு வரைக்கும் பாத்துட்டேன்.”

“இல்ல சார், கம்ப்யூட்டர்ல அந்தப் பக்கம்.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “உடம்பு நல்லாத்தான இருக்கு?” என்று கேட்டார். நாற்பது வருஷம் வகுப்பில் சாக்குக் கேட்டுப் பழகியவர், இப்படி ஒன்றைக் கேட்டிருக்க மாட்டார் போலும்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அன்றே அணைத்தேன். அணைக்கும் ஜோரில் வட்டில் இடம் எவ்வளவு மிச்சம் என்றும் பார்த்தேன். டிஸ்க் மேனேஜ்மென்டில் பெயரும் இல்லாமல் டிரைவ் எழுத்தும் இல்லாமல் ஒரு பெரிய பிரிவு சும்மா கிடந்தது. அழிக்கச் சொன்னேன். விண்டோஸ் உடனே அழிக்கவில்லை. இதை நான் உருவாக்கவில்லை, வேறு இயங்குதளத்தின் தரவு இதில் இருக்கலாம், அழிக்கட்டுமா என்று கேட்டது. ஒரு மென்பொருள் இதைவிடக் கண்ணியமாகக் கேட்க முடியாது. நான் ‘ஆம்’ என்றேன். அழிந்தது உபுண்டு. அது மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. க்ரப்பின் முக்கால்வாசிக் கோப்புகளும் அங்கேதான் இருந்தன. அடுத்த முறை கணினியைப் போட்டதும் கறுப்புத் திரை. அப்படியொரு பிரிவே இல்லை என்று ஒரு வரி, அதன் கீழே ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்று ஒரு வரி. விண்டோஸ் உள்ளே முழுசாக இருந்தும் போய்ச் சேர வழி இல்லை.

அக்கா மகன் வந்து இரண்டையும் மீட்டுக்கொடுத்தான். டெஸ்க்டாப்பில் இருந்த ஆசிரியரின் திருத்தங்கள் மீளவில்லை. குறித்துக் கொடுத்த தாளை வைத்து முதலிலிருந்து செய்தேன்.

“எதுக்கு மாமா ரெண்டு?” என்று போன மாதம் கேட்டான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது; விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என் கணினியில் இல்லை. உபுண்டுவுக்கு முழுதாகப் போய்விடலாம், இன்டிசைனுக்குப் பதில் ஸ்கிரைபஸ் பழகிக்கொள்ளலாம் என்றான். நியாயம்தான். முதலில் எல்லாவற்றையும் பேக்கப் எடுத்துவைத்துவிடுகிறேன் என்று வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கினேன். எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்தால் இரண்டிலும் திறக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் ஊருக்குப் போனான். நான் யோசித்துப் பார்த்து, ஒரு பாதியை விண்டோஸுக்கு என்டிஎஃப்எஸ், மறுபாதியை உபுண்டுவுக்கு ஈஎக்ஸ்டி4 என்று பிரித்துக்கொண்டேன்.

இப்போது விண்டோஸில் அந்த வட்டைச் செருகும்போதெல்லாம், உபுண்டுவின் பாதியைக் காட்டி, இதைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று கேட்கிறது. இதுவரை ‘வேண்டாம்’ என்றுதான் சொல்லியிருக்கிறேன்.