முதலாளி இல்லாத அடிமைகள்

குழந்தைகளின் மனம் நோகாமல் கொடுமையைச் சொல்வது எல்லோருக்கும் கைவந்த கலை இல்லை. நம் பாட்டிமார் அதில் தோற்றவர்கள். அரக்கன் என்றால் அவன் பெயரைச் சொன்னார்கள், ஊரைச் சொன்னார்கள், தலை எத்தனை என்றும் எண்ணிச் சொன்னார்கள். நாம் பயந்துபோய்ப் போர்வைக்குள் புகுந்தோம். அமெரிக்கப் படப்புத்தகப் பதிப்பாளர்கள் இங்கிதம் தெரிந்தவர்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பி ஓடியவர்களைப் பற்றி அவர்கள் குழந்தைகளுக்காக வெளியிட்டிருக்கும் புத்தகங்களைப் புரட்டப் புரட்ட, ஆளுக்கொரு பொன்னாடை வாங்கி அனுப்பலாமா என்று கை பரபரக்கிறது.

முதலில் அவர்களுடைய கணக்குத் திறமையைப் பாராட்ட வேண்டும். 1860ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்த நாட்டில் அடிமைகள் சுமார் 39.5 லட்சம் பேர். அவர்களுக்குச் சொந்தக்காரர்கள் கிட்டத்தட்ட 4 லட்சம் பேர். அதே கணக்கெடுப்பு, அதற்கு முந்தைய ஓராண்டில் தப்பி ஓடியவர்கள் என்று பதிவு செய்த தொகை வெறும் 803. உண்மையில் ஓடியவர்கள் இதைவிட அதிகம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது சரிதான். எத்தனை மடங்கு கூட்டிக்கொண்டாலும் 39.5 லட்சத்துக்கு முன்னால் அது சொற்பமே.

இந்த மூன்று கூட்டத்தில் எதைக் கதையாக்குவது? சாதாரண எழுத்தாளன் குழம்பியிருப்பான். ஓட முடியாமல் வயலிலேயே வாழ்ந்து மாண்டவர்களைப் படம் போட்டால், அவர்களை வயலில் நிறுத்தி வைத்தவர்களையும் பக்கத்தில் வரைய வேண்டிவரும். ஓடுகிறவரை வரைந்தால் அந்தத் தொல்லை இல்லை. அவருக்கு முன்னால் நட்சத்திரம், பின்னால் இருட்டு. இருட்டுக்குள் யார் நிற்கிறார் என்று ஓவியர் காட்ட வேண்டியதில்லை. ‘எஜமான்’ என்று ஒரு சொல் ஓரமாக வந்து போகும். பெரும்பாலும் அதற்கு முகமோ பெயரோ இருக்காது. 803 பேர் தப்பினார்கள் என்பது அரசாங்கக் கணக்கு. 4 லட்சம் பேர் தப்பினார்கள் என்பது படப்புத்தகக் கணக்கு. இரண்டாவதுதான் பெரிய சாதனை.

அடுத்து அவர்களுடைய வானியல் புலமை. ஜெனட் வின்டர் எழுதி வரைந்து 1988இல் வெளிவந்த ‘ஃபாலோ த டிரிங்கிங் கோர்ட்’ பல பள்ளி நூலகங்களுக்குள் நுழைந்த புத்தகம். சப்தரிஷி மண்டலத்தைச் சுரைக்குடுக்கையாகப் பாவித்து, ஒரு பாட்டின் வழியாக அடிமைகளுக்கு வடதிசைப் பாதையைக் கற்றுத்தருகிறார் மரக்கால் வைத்த மாலுமி ஒருவர். அந்தப் பாட்டு முதன்முதலில் அச்சேறியது 1928இல், அதாவது அடிமைமுறை ஒழிந்து 60 ஆண்டு கழிந்த பிறகு. மரக்கால் மாலுமி ஒருவர் நிஜமாகவே அப்படி ஊர் ஊராகப் போனார் என்பதற்குச் சான்று ஏதும் கிடைக்கவில்லை. இருக்கட்டுமே. இருந்த எஜமானுக்குப் பெயர் இல்லை, சான்றில்லாத மாலுமிக்குப் பெயரும் காலும் உண்டு. இப்படி ஒரு சமநீதியை மனுநீதிச் சோழனும் வழங்கியதில்லை.

தையற்கலைக்கும் இதே மரியாதை கிடைத்திருக்கிறது. டெபோரா ஹாப்கின்சனின் ‘ஸ்வீட் கிளாரா அண்ட் த ஃப்ரீடம் குவில்ட்’ 1993இல் வந்தது. துண்டுத்துணிகளை இணைத்துத் தைத்த போர்வையில் தப்பிக்கும் வழியையே வரைபடமாகத் தைக்கிறாள் ஒரு சிறுமி. அழகான கற்பனை. பின்னர் 1999இல், போர்வைகளில் ரகசியக் குறியீடுகள் இருந்தன என்று பெரியவர்களுக்கான ஒரு நூலும் வந்தபோது, கற்பனைக்கும் வரலாற்றுக்கும் இருந்த வேலி சாய்ந்தது. அந்தக் காலத்துப் போர்வையோ, தப்பியவர்கள் விட்டுச்சென்ற வாக்குமூலமோ எதுவும் இதை உறுதி செய்யவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். வகுப்பறைகளில் குழந்தைகள் வண்ணக் காகிதத்தை வெட்டிப் போர்வைக் குறியீடு ஒட்டிக்கொண்டே இருக்கிறார்கள். சாட்டைக்கும் ஏலத்துக்கும் ஆயிரக்கணக்கான சான்றுகள் கிடைக்கின்றன. ஆனால் சாட்டையை வெட்டி ஒட்டி விளையாட முடியாதே!

புவியியலிலும் குறை சொல்ல முடியாது. இந்த வகையில் வேறு சில புத்தகங்களில் ஆற்றைத் தாண்டினால் சுதந்திரம், கதை முற்றும். 1850இல் வந்த தப்பியோடிய அடிமைகள் சட்டத்தின்படி வடமாநிலத்திலும் ஆளைப் பிடித்துத் திருப்பி அனுப்பலாம். அடைக்கலம் தந்தவருக்கு 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. விசாரிக்கும் ஆணையர், பிடிபட்டவரை அடிமை என்று தீர்ப்பளித்தால் அவருக்குக் கட்டணம் 10 டாலர். சுதந்திரமானவர் என்று விடுவித்தால் 5 டாலர். ஏனிந்த வித்தியாசம்? அடிமை என்றால் எழுத்துவேலை அதிகமாம். நீதியை இப்படி விலைப்பட்டியல் போட்டு விற்ற ஒரு தேசத்தை வண்ணப்படத்தில் காட்டினால் குழந்தைக்குக் கணக்குப் பாடம் குழம்பும். ஆகவே ஆற்றங்கரையிலேயே ‘முற்றும்’ போட்டது பெரும் கருணை.

உதவியவர்களுக்குச் செய்திருக்கும் மரியாதையையும் சொல்லாமல் விடலாமா? ஹென்றி கோல் வரைந்த ‘அன்ஸ்போக்கன்’ 2012இல் வந்த சொல்லே இல்லாத புத்தகம். பென்சில் கோடுகளில் ஓவியம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல் இருக்கிறது. இதை மட்டும் வஞ்சகமில்லாமல் சொல்கிறேன். பண்ணைவீட்டு வெள்ளைக்காரச் சிறுமி, தானியக் கொட்டிலில் சோளத்தட்டைக்குள் யாரோ ஒளிந்திருப்பதைக் காண்கிறாள். ரகசியமாக உணவு கொண்டுவந்து வைக்கிறாள். சிறுமியைப் பக்கத்துக்குப் பக்கம் பார்க்கிறோம். ஒளிந்திருப்பவரின் ஒரு கண்ணை மட்டும் பார்க்கிறோம். உயிரைப் பணயம் வைத்து ஓடிவந்தவருக்கு ஒரு கண், சோறு கொண்டுவந்தவளுக்கு முழுப் புத்தகம். தேடிவரும் குதிரைக்காரர்கள் உண்டு. அவர்களை அனுப்பிய சொந்தக்காரர் வழக்கம்போல் வெளியூர் போயிருக்கிறார்.

இனி சமையலறைக்குப் போவோம். எமிலி ஜென்கின்ஸ் எழுத, சோஃபி பிளாக்கல் வரைந்து 2015இல் வந்த ‘எ ஃபைன் டெஸர்ட்’ என்ற புத்தகம் நான்கு நூற்றாண்டுகளில் நான்கு குடும்பங்கள் ஒரே இனிப்பைச் செய்வதைக் காட்டுகிறது. அதில் 1810ஆம் ஆண்டு, தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் செய்பவர்கள் ஓர் அடிமைத் தாயும் மகளும். பழம் பறிப்பதும் க்ரீம் அடிப்பதும் அவர்கள். மேசையில் உட்கார்ந்து உண்பது எஜமானர் குடும்பம். பிறகு தாயும் மகளும் ஓர் அலமாரி அறைக்குள் ஒளிந்து, பாத்திரத்தில் ஒட்டியிருப்பதை வழித்து நக்குகிறார்கள். தப்பித்தல் கதைகளுக்கு எத்தனை சிக்கனமான மாற்று! ஆறு வேண்டாம், நட்சத்திரம் வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டால் போதும். படிக்கும் குழந்தைக்கு அது கண்ணாமூச்சி ஆட்டம். கண்டனம் எழுந்தபோது நூலாசிரியர் மன்னிப்புக் கேட்டு, தமக்கு வந்த எழுத்தூதியத்தை நன்கொடையாகக் கொடுத்துவிட்டார். அந்த நேர்மை இந்தத் தொழிலுக்கு ஆகாது.

மகுடம் என்று சொல்லத்தக்கது 2016 ஜனவரியில் ஸ்காலஸ்டிக் வெளியிட்ட ‘எ பர்த்டே கேக் ஃபார் ஜார்ஜ் வாஷிங்டன்’. இதில் முதலாளிக்குப் பெயர் உண்டு. பெயரை மறைக்கவும் முடியாது. நாட்டின் முதல் குடியரசுத் தலைவர். இங்கேதான் பதிப்புலகின் மேதைமை வெளிப்பட்டது. முதலாளியை மறைக்க முடியாவிட்டால் தப்பித்தலை மறைத்துவிடு.

கதை இதுதான். வாஷிங்டனுக்குப் பிறந்தநாள். தலைமைச் சமையல்காரர் ஹெர்குலிஸ் கேக் செய்ய வேண்டும், சர்க்கரை தீர்ந்துவிட்டது. மகள் டெலியா கூடவே ஓடியாடுகிறாள். சர்க்கரைக்குப் பதிலாகத் தேன் கிடைக்கிறது. கேக் தயார். கல்யாண ஆல்பத்தில்கூட ஒரு மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார். இதில் பக்கத்துக்குப் பக்கம் புன்னகை.

ஹெர்குலிஸ் கற்பனைப் பாத்திரம் இல்லை. ஃபிலடெல்ஃபியாவில் வாஷிங்டனின் சமையலறையை ஆண்டவர். எஞ்சிய சமையல் பொருள்களை விற்று ஆண்டுக்கு 200 டாலர் வரை சம்பாதித்து, தெருவில் தங்கப்பூண் போட்ட கைத்தடியோடு நடந்தவர் என்று வாஷிங்டன் குடும்பத்தாரே எழுதி வைத்திருக்கிறார்கள். பென்சில்வேனியாவின் 1780ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிமாநிலத்திலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமை அங்கே ஆறு மாதம் தொடர்ந்து வசித்தால் விடுதலை கோரலாம். தேசத்தந்தை என்ன செய்தார்? ஆறு மாதம் நிறைவதற்குள் ஆட்களை மாநில எல்லைக்கு வெளியே அனுப்பித் திரும்ப அழைத்துக்கொண்டார். அடிமைகளுக்கும் வெளியாருக்கும் உண்மைக் காரணம் தெரியாதபடி சாக்குச் சொல்லி அனுப்பும்படி 1791இல் தம் செயலாளருக்குக் கடிதமும் எழுதினார். சர்க்கரைக்குப் பதில் தேன் தேடிய கெட்டிக்காரத்தனத்தைக் குழந்தைகளுக்குச் சொன்னவர்கள், சட்டத்துக்குப் பதில் சாக்குத் தேடிய கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லாதது தன்னடக்கத்தால்தான் இருக்க வேண்டும்.

1796 நவம்பரில் அந்தச் சமையல் மேதையை வர்ஜீனியாவில் வாஷிங்டனின் மவுன்ட் வெர்னன் பண்ணையில் களிமண் வெட்டவும் கல் உடைக்கவும் போட்டார்கள். 1797 பிப்ரவரி 22 அன்று ஹெர்குலிஸ் அங்கிருந்து தப்பிப் போனார். அன்று வாஷிங்டனுக்கு 65ஆம் பிறந்தநாள். சமையல்காரர் எஜமானுக்குத் தந்த பிறந்தநாள் பரிசு அதுதான்! இப்படி ஓர் உச்சக்கட்டம் தானாக வந்து மடியில் விழுந்தும், அதைக் கதைக்குள் விடாமல் பின்னுரைக்கு ஒதுக்கிவிட்டு, கேக்கை நடுவில் வைக்க எத்தனை மனக்கட்டுப்பாடு வேண்டும்! சமையல்காரர் போனபின், இனி அடிமையை விலைக்கு வாங்குவதில்லை என்ற தம் உறுதியை மீற நேருமோ என்று வாஷிங்டன் கடிதத்தில் வருந்தினார். கூலிக்கு ஆள் தேடியும் கிடைக்கவில்லையாம். கூலிக்குக் கிடைக்காவிட்டால் விலைக்கு வாங்க நேருமே என்று வருந்தினாரே, அதுதான் கொள்கைப்பற்று.

ஓடியவர் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனார். 1797 வசந்தகாலத்தில், பின்னாளில் பிரான்ஸ் நாட்டு மன்னரான லூயி பிலிப் மவுன்ட் வெர்னனுக்கு விருந்தினராக வந்தார். அவருடைய பணியாள், ஹெர்குலிஸின் ஆறு வயது மகளிடம், அப்பாவை இனிப் பார்க்க முடியாதே, மனவருத்தமாக இருக்குமே என்று கேட்டதாக அவர் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சிறுமியின் பதில்: மிகவும் சந்தோஷம், இப்போது அப்பா சுதந்திரமாக இருக்கிறார். அவள் வயதுக் குழந்தைக்குத் தாங்காது என்று பதிப்பாளர்கள் எதை மறைத்தார்களோ அதை அவளே ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டாள். படப்புத்தகத்துக்கு இப்படிப்பட்ட பிள்ளைகள் லாயக்கில்லை.

கண்டனக் குரல் ஓங்கியதும், வெளிவந்து இரண்டு வாரம் ஆகுமுன் ஸ்காலஸ்டிக் புத்தகத்தைத் திரும்பப் பெற்றது. அடிமைமுறையின் கொடுமை பற்றிய பின்னணி இல்லாமல் படித்தால் தவறான எண்ணம் ஏற்படலாம் என்று விளக்கமும் தந்தது. எழுதி, வரைந்து, திருத்தி, அச்சிட்டு, கடைக்கு அனுப்பிய பிறகு இதைக் கண்டுபிடித்த வேகம் பிரமிக்கத்தக்கது.

இத்தனை பேர் பாடுபட்டுக் கட்டிக்காத்த மரபைக் கெடுக்கவும் சிலர் இருக்கிறார்கள். அவர்களை இகழாமல் விடமுடியாது. எலன் லெவின் எழுத, கதீர் நெல்சன் வரைந்த ‘ஹென்றிஸ் ஃப்ரீடம் பாக்ஸ்’ (2007) மரப்பெட்டிக்குள் தன்னையே பார்சலாக்கி, 1849இல் ரிச்மண்டிலிருந்து ஃபிலடெல்ஃபியாவுக்கு 27 மணி நேரம் பயணம் செய்த ஹென்றி பிரவுனின் கதை. பெட்டியின் நீளம் மூன்றடி. சாகசத்தோடு நிறுத்தியிருக்கலாம். மனைவியும் பிள்ளைகளும் விற்கப்பட்டுக் கண்முன்னே போனதை முதலில் காட்டிவிட்டு அப்புறம்தான் பெட்டியைக் காட்டுகிறார்கள். நெல்சனின் ஹென்றி சிரித்துக்கொண்டே இருக்க மறுக்கிறான். இந்தப் பிடிவாதத்துக்கு, படப்புத்தக ஓவியத்துக்குத் தரும் கால்டிகாட் கௌரவ விருது வேறு.

எமிலி அர்னால்ட் மெக்கல்லி இன்னும் மோசம். 1796இல் ஃபிலடெல்ஃபியா மாளிகையில் வாஷிங்டன் தம்பதியர் உணவு உண்ணும் நேரத்தில் வெளியேறி, கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயர் போன ஓனா ஜட்ஜைப் பற்றியது அவருடைய ‘த எஸ்கேப் ஆஃப் ஓனி ஜட்ஜ்’ (2007). வாஷிங்டனின் மனைவி மார்த்தாவின் பேத்திக்குக் கல்யாணப் பரிசாகத் தன்னைக் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்து ஓடியவர் ஓனா. பிடித்துத் தந்தால் 10 டாலர் என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. விளம்பரத்துக்குப் பின்னால் சட்டமும் இருந்தது: ஓடியவரைப் பிடித்துத் தர வழிசெய்த 1793ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டவரே வாஷிங்டன்தான். 1848இல் இறக்கும்வரை ஓனா சட்டத்தின் கண்ணில் தப்பியோடிய அடிமையே. இதையெல்லாம் விட்டுத்தள்ளுங்கள்; நூலின் துணைத்தலைப்பிலேயே ‘மார்த்தா வாஷிங்டனின் அடிமை’ என்று போட்டுவிட்டார் மெக்கல்லி! அட்டையிலேயே சொந்தக்காரி பெயர். இத்தனை ஆண்டு கட்டிக்காத்த ரகசியத்தை ஒரு துணைத்தலைப்பு போட்டு உடைத்துவிட்டது.

ஆகவே, பெற்றோர்களே, புத்தகம் வாங்கும்போது எச்சரிக்கையாக இருங்கள். ஓடியவர் பெயரைக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுங்கள். உதவியவர் பெயரையும் வழிகாட்டிய நட்சத்திரத்தின் பெயரையும் சொல்லிக்கொடுங்கள். யாரிடமிருந்து ஓடினார் என்று குழந்தை கேட்டால் மட்டும், நேரமாகிவிட்டது தூங்கு என்று சொல்லிவிடுங்கள். பதிப்பாளர்கள் இத்தனை காலமாக அதைத்தான் சொல்லிவருகிறார்கள்.