இதெல்லாம் ஒரு அருவியா?

கொல்லிமலை ஆகாய கங்கைக்குப் போகிறவர்களுக்கு உபயோகமாக ஒரு யோசனை சொல்லலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். வந்தது என்னவோ என் சகலை கதைதான்.

70 கொண்டை ஊசி வளைவுகளிலும் குடல் புரள ஏறி, அறப்பளீசுவரரைக் கும்பிட்டுவிட்டு, காட்டுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினோம். ஒவ்வொரு படியும் ஒவ்வொரு உயரம். கட்டிய மேஸ்திரிக்கு யார் மேல் கோபமோ. கீழே சுமார் 300 அடியிலிருந்து அய்யாறு கொட்டுகிறது. சாரல் முகத்தில் அறைய, நான் வாயைப் பிளந்து நிற்கிறேன். பக்கத்தில் குரல்: "தண்ணி கம்மிதான் சகலை. அதிரப்பள்ளியில பாக்கணும்."

அதிரப்பள்ளிக்கும் இவரோடுதான் போனேன். 'புன்னகை மன்னன்' எடுத்த இடமாயிற்றே என்று நான் உருகிக்கொண்டிருக்க, "80 அடிதானே? ஜோக்குல 830" என்றார். ஜோக் அருவிக்குப் போனோம். ஷராவதி ஆற்றை லிங்கனமக்கி அணையில் அடைத்து வைத்திருந்தார்கள். 830 அடிக்கும் பாறைதான் தெரிந்தது. "நயாகராவுல இந்தத் தொல்லையே கிடையாது" என்றார். அங்கேயும் ராத்திரியானால் மின்சாரத்துக்காக அருவியைக் குறைக்கிறார்கள், 1950-லேயே ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள் என்றேன். காதில் விழவில்லை. நயாகரா 200 அடிகூட இல்லை என்றேன். "அகலத்தைப் பாக்கணும் சகலை!"

பிறகு மகன் புண்ணியத்தில் நயாகராவுக்கே போனார். நீல மழைக்கோட்டோடு படகிலிருந்து வீடியோ காலில் வந்தார். "என்ன பிரயோஜனம்? தலையைக் குடுத்து நிக்க முடியுமா? குற்றாலத்துக்கு ஈடாகுமா?"

குற்றாலத்தில், ஐந்தருவி வரிசையில், உடம்பெல்லாம் எண்ணெய் வழிய என்ன சொன்னார் தெரியுமா? "ஒரே கும்பல். கொல்லிமலைன்னா ஈ, காக்கா இருக்காது."

அப்படித்தான் இந்தப் படிகளுக்கு வந்து சேர்ந்தேன்.

பந்தியில் சாம்பார் விழும்போதே போன கல்யாணத்துச் சாம்பாரைப் பற்றிப் பேசுகிற கூட்டம்தான் நாம், ஒப்புக்கொள்கிறேன். ஊட்டியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கொடைக்கானல் குளிரைப் புகழ்ந்தவன்தான் நானும். ஆனால் தலைமேல் ஒரு ஆறே விழுந்துகொண்டிருக்கும்போதாவது மனுஷன் வாயை மூடிக்கொள்ள வேண்டாமா? எனக்கு நிஜமாகவே எரிச்சல். போகிற இடத்திலெல்லாம் போகாத இடத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறார். அதற்கும் சேர்த்து வண்டி வாடகையில் பாதியை நான் கொடுக்கிறேன்.

திரும்பி ஏறும்போது, "பர்வதமலைப் படியெல்லாம்..." என்று ஆரம்பித்தார். மூச்சு வாங்கியதில் வாக்கியம் முடியவில்லை. அன்றைக்கு அருவிச் சத்தம் முழுசாகக் கேட்டது அப்போதுதான்.

மேலே முடவாட்டுக்கால் சூப் விற்றுக்கொண்டிருந்தார் ஒரு அம்மா. மலைக் கிழங்கு, முட்டி வலிக்குக் கைகண்ட மருந்து என்றார். சகலை ஊதி ஊதிக் குடித்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். நான் காத்திருந்தேன்.

"ஆனா நெசமான ஆட்டுக்கால் சூப் மாதிரி வராது."

"அதுக்கு ஆடு வேணும் சாமி" என்றார் அந்த அம்மா. "இதுக்குக் காசை எடுங்க."