சன்னல் அண்ணாச்சி

வாடகை எவ்வளவு என்று கேட்டால் அண்ணாச்சி சன்னலைத் திறப்பார். அட்வான்ஸ் எவ்வளவு என்றாலும் சன்னல்தான். குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருமா என்று கேட்டுப் பாருங்கள், இரண்டு கதவையும் விரியத் திறந்துவிடுவார்.

குற்றாலத்தில் ஐந்தருவி சாலையிலும், பக்கத்தில் இலஞ்சியிலும் காசிமேஜர்புரத்திலும் பழைய வீட்டு மாடியைப் புதுப்பித்து ‘சிங்கிள் பெட்ரூம்’ என்று வாடகைக்கு விடும் அண்ணாச்சிமாருக்கெல்லாம் இது பொதுப் பழக்கம். கொண்டி ஈரத்தில் ஊறி இறுகிக் கிடக்கும். உள்ளங்கையால் இரண்டு குத்து, தோளால் ஒரு தள்ளு. திறந்ததும், தீபாராதனைக்குத் திரையை விலக்கிய அர்ச்சகர் மாதிரி ஒதுங்கி நின்று கையைக் காட்டுவார். எதிரே திரிகூடமலை, அதன் தலையில் மேகம். முகத்தில் பூவாய்ச் சாரல் விழும். அந்த நேரத்தில் குழாயைப் பற்றி யாருக்குப் பேச வாய் வரும்?

“பாத்தியளா தம்பி! இந்தக் காத்து மெட்ராஸ்ல எம்புட்டு துட்டு குடுத்தாலும் கெடைக்குமா?”

கிடைக்காது. ஆனால் நாம் கேட்டது, குளியலறைக் கதவுக்கு ஏன் தாழ்ப்பாள் இல்லை என்று.

குடிபோன பிறகும் இதே கதைதான். சுவரில் பூசணம் பூத்திருக்கிறதே அண்ணாச்சி என்றால், “சாரலு தம்பி! ஊர் ஊரா காரு புடிச்சுல்லா இதுக்கு வாராக, ஒங்களுக்கு வீட்டுக்குள்ளயே வருது” என்பார். மின்விசிறி சுற்றவில்லை என்றால், மலைக்காற்று இருக்கையில் அது என்னத்துக்கு என்று சன்னல் பக்கம் நடப்பார். பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டுகிறது, குளிக்கத் தடை போட்டு போலீஸ் நிற்கிறது. மாடிக் குழாய் மட்டும் ‘கொர்’ரென்று காற்றை விடுகிறது. அதற்கும் பதில் உண்டு: “நாலு எட்டு வச்சா ஐந்தருவி. ஒரு குளியல் போட்டுட்டு வந்திரலாம்லா?”

இத்தனைக்கும் அட்வான்ஸ் பணத்தை எண்ணி மடியில் கட்டிக்கொண்ட கையோடு அவர் சொன்னது: “சன்னலை மட்டும் தொறந்து போட்டுராதிய தம்பி. கொரங்கு வந்திரும்.”

புதுப்பித்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். தாத்தா காலத்துத் தேக்கு நிலைக்கதவை விற்றாயிற்று. ஓதம் ஏறிய சுவரின் மேல் டைல்ஸ். ஒழுகுகிற மச்சுக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங். பெட்ரூம் என்பது முன்பு தேங்காய் போட்டு வைத்த அறை. கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும்.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. அலுவலகங்கள் வந்தன, கூடவே வீடு தேடும் ஆட்கள். மத்தளம்பாறையில் ஜோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி வேறு. ஆகவே படியேறும்போதே கேள்வி வரும்: “தம்பி ஜோஹோவா, கலெக்டர் ஆபீஸா?” பதிலைப் பொறுத்து வாடகை. தனியார் பள்ளி வாத்தியார் என்றால் சன்னல் ஒரு கதவுதான் திறக்கும்.

மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று 2017-ம் வருஷத்து வாடகைச் சட்டம் சொல்கிறது. 2019 பிப்ரவரியில் அமலுக்கும் வந்துவிட்டது. வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய என்று அதிலேயே ஒரு வாசலும் வைத்திருக்கிறார்கள். அந்த வேறுவித ஒப்பந்தம் அண்ணாச்சியின் மஞ்சப்பையில் தயாராக இருக்கும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் அரசாங்கம் இலவசமாகத் தருகிறதல்லவா, அது கீழ்வீட்டிலேயே தங்கிவிடும்.

மனுஷர் கெட்டவர் இல்லை. மங்குஸ்தான் வாங்கினால் நாலு பழம் மாடிக்கு வரும். நமக்குக் காய்ச்சல் என்றால் மதினி மிளகு ரசம் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். ஒருநாள் ஆள் இல்லாத நேரத்தில் மாடிக்கு வந்து, அதே சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு தனியாக நின்றார். பிறந்ததிலிருந்து பார்த்த மலை. காட்டுவதற்கு எதிரில் ஆள் இல்லை, இருந்தாலும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். படியேறி வந்த நான் அன்றைக்குக் குழாயைப் பற்றிப் பேசாமல் இறங்கிவிட்டேன்.

ஆனால் வைகாசி கடைசியில் அவர் வந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமுவதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. “சீசன்ல ஒரு ரெண்டு மாசம் ஊருக்குப் போயிட்டு வாங்களேன் தம்பி. சாமானெல்லாம் கெடக்கட்டும். பாதி வாடகை போதும்.” அந்த இரண்டு மாதமும் நம் கட்டிலில் நாள் வாடகைக்கு அருவி பார்க்க வந்தவர்கள் படுப்பார்கள். தலையணை முழுக்க எண்ணெய். பாதி வாடகை நாமும் கொடுக்க வேண்டும்! எந்தச் சாரலைக் காட்டி வீட்டை விட்டாரோ, அந்தச் சாரல் விழும்போது நாம் அங்கே இருக்கக் கூடாது. ஆஸ்பத்திரி நர்ஸும் கடைக் கணக்கரும் வருஷம் பன்னிரண்டு மாதமும் வேலை பார்க்கிற ஊர் இது. ஆனி ஆடியில் அவர்கள் எங்கே போவார்கள்? இது விளையாட்டில்லை, அநியாயம்.

வீடு பார்க்க வருகிறவர்கள் சீசனில் வராதீர்கள். சாரலில் எந்த மச்சும் ஒழுகாது. ஐப்பசியில், மழை அடித்துப் பெய்கிற நாளாகப் பார்த்து வாருங்கள். அண்ணாச்சி சன்னலைக் காட்டும்போது நீங்கள் சீலிங்கைப் பாருங்கள். ஒப்பந்தத்தில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று மூன்று மாதத்தின் பெயரையும் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகு அட்வான்ஸைக் கொடுங்கள்.